நூற்று முப்பத்தொரு மரங்கள் இளைத்த கதை

என் நாத்தனாருக்குக் கொக்கு என்று பட்டப்பெயர் வைத்தது அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நெடுநெடுவென்று வளர்ந்து வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்வாளாம். பெயருக்கு ஏற்ற உத்தியோகமும் பிறகு அமைந்தது. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் முழங்கால் புதைய நின்று, அலையாத்தி மரங்களை ஒவ்வொன்றாக அளந்து, காடு நலமாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நானும் அதே அலுவலகம்தான். ஆனால் என் செருப்பில் சேறு பட்டதில்லை. அவள் எழுதிக்கொண்டு வரும் எண்களை அட்டவணையாக்கி, பக்கத்துக்குள் அடக்கி, கீழே கையெழுத்துப் போடுவது என் வேலை.

எங்கள் வீட்டில் நடக்கிற சண்டையெல்லாம் குளியலறைச் சண்டைதான். கொக்கு காட்டிலிருந்து வந்து குளித்தால் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொள்ளும். ஊர் முழுக்க பம்பு ரிப்பேர் பார்க்கிற என் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் சொந்த வீட்டுக் குழாயில் கம்பி விட்டுக் குத்திக்கொண்டிருப்பார். "இன்னும் கொஞ்ச நாள் போனா நம்ம பாத்ரூம்லயே காடு முளைச்சிரும். அப்புறம் இவ அளக்கறதுக்கு வெளிய போகவே வேண்டாம்" என்பார். சிரிக்காமல் சொல்வார். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும்.

எனக்கு ஒழுங்கு என்றால் உயிர். கோணல் கோடு, ஓரம் மடங்கிய தாள், கட்டத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எண் எதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. கொக்குவின் படிவங்களோ கண்கொண்டு பார்க்க முடியாத கோலத்தில் வரும். எட்டுக் கட்டத்தையும் பென்சிலால் நிரப்பிவிட்டு, தாளின் ஓரத்தில் 1.40, 1.95, 2.10 என்று பொடி எழுத்தில் வேறு எதையோ கிறுக்கி வைத்திருப்பாள்.

"படிவம் என்ன பஸ் ஸ்டாண்டு சுவரா, இஷ்டத்துக்குக் கிறுக்கறதுக்கு?" என்று கேட்டிருக்கிறேன்.

"சரி அண்ணி" என்பாள். அடுத்த வாரம் மறுபடியும் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டு வருவாள். கொக்கு ஒற்றைக் காலில் நின்றால் நின்றதுதான்.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எங்கள் பொறுப்பில் உள்ள நாலு காடுகளையும் முழுதாக அளக்க வேண்டும். முதல் தடவை அளந்தது வெளியிலிருந்து வந்த ஒரு குழு. ஒவ்வொரு மரத்துக்கும் அலுமினியத் தகட்டில் ஓர் எண் கட்டி, அளவு நாடாவைச் சுற்றிய இடத்தில் மஞ்சள் பெயின்டால் ஒரு வளையம் போட்டுவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை அளந்தது கொக்கு. துணைக்கு ஒரு படகுக்காரர். பதினொரு வாரம் ஆயிற்று. மூன்று காடுகளின் எண்கள் ஒழுங்காக வந்தன. எல்லா மரமும் கொஞ்சம் பருத்திருந்தது. நான்காவது, கடலைப் பார்த்தபடி நிற்கும் மேற்கு ஓடைக் காடு. அங்கே இருநூற்றுப் பதினாலு மரங்களில் நூற்று முப்பத்தொன்று இளைத்திருந்தன.

மரம் இளைக்காது. பருக்கும், இல்லாவிட்டால் பட்டுப்போகும். மனிதர்களைப் போல டாக்டர் பேச்சைக் கேட்டு இடுப்பைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்குக் கிடையாது. நான் மூன்று முறை சரிபார்த்தேன். எண்பத்தெட்டாம் மரம், போன தடவை சுற்றளவு 41.2 சென்டிமீட்டர், இந்தத் தடவை 39.7. பக்கத்து மரமும் அப்படியே. அட்டவணையை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனேன்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல சேதி இல்லை என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"சாட்டிலைட் படத்துல பச்சை நல்லாத்தான் தெரியுது. ஆனா மேலேர்ந்து பாக்கறதைவிட உள்ள போயி அளந்ததைத்தான் நம்பணும். இந்த எண்ணை வச்சுப் பாத்தா இது நலிஞ்ச காடு."

"அப்படின்னு போட்டா என்ன ஆகும் சார்?"

"பாதுகாப்புப் பட்டியல்லேர்ந்து எடுத்துருவாங்க. சரக்குப் படகு போக அந்த ஓடையை வெட்டி அகலமாக்கணும்னு ரெண்டு வருஷமா கேட்டுட்டிருக்காங்க. இத்தனை நாள் பட்டியல்தான் தடுத்துட்டு இருந்துச்சு. இந்த அட்டவணை இன்னிக்கே அவங்களுக்குப் போயாகணும். பட்டியலைப் பாக்கற குழு வெள்ளிக்கிழமை கூடுது. அன்னிக்கே முடிவு பண்ணிருவாங்க."

அன்றைக்குத் திங்கட்கிழமை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கொக்குவைப் பிடித்துக்கொண்டேன். அவள் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொல்லிவிட்டு, "நாடாவை எப்படிப் பிடிச்ச? பட்டையில இருந்த பாசி, சிப்பியெல்லாம் சுரண்டிட்டியா? எண்ணையாவது ஒழுங்காப் படிச்சியா?" என்று மூச்சு விடாமல் கேட்டேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அவளுக்கு அது தெரியும்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. அந்த ஓடைக்கு அவள் வேலை நாள் மட்டுமல்ல, விடுமுறை நாளிலும் போவாள். எந்த மரத்தில் எந்தக் கிளை எப்போது முறிந்தது என்பதுவரை சொல்வாள்.

"அந்தக் காடு இளைக்கல அண்ணி."

"நீ சொன்னா போதுமா? எண் சொல்லணுமே."

"எண்ணும் சொல்லுது. நான் எழுதியிருக்கேனே."

"எங்க?"

"ஓரத்துல."

அவள் பொறுமையாக விளக்கினாள். மற்ற மூன்று காடுகளிலும் இருப்பவை மூச்சு வேர் மரங்கள். வேர்கள் தரையிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். தண்டு சிக்கலில்லாமல் நேராக நிற்கும். மேற்கு ஓடையில் இருப்பவை சுரபுன்னைகள். அவற்றுக்குத் தண்டிலிருந்தே கால்கள் கிளம்பி, வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றிக்கொள்ளும்.

"விதிப்படி எல்லாத்துக்கும் மேல இருக்கிற காலுக்கு ஒரு அடி மேலதான் நாடா சுத்தணும். இந்த அஞ்சு வருஷத்துல மரமெல்லாம் பழைய வளையத்துக்கு மேல புதுசா கால் விட்டிருக்கு. அதனால நானும் அதுக்கு மேல போயி அளந்தேன். மேல போகப் போகத் தண்டு மெலிசாத்தானே இருக்கும்? எவ்வளவு உயரத்துல அளந்தேன்னு எழுதப் படிவத்துல கட்டம் இல்ல. அதான் ஓரத்துல எழுதினேன். ஆபீஸ்ல பாத்து சேத்துப்பீங்கன்னு நினைச்சேன்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தன் தொந்தியைத் தடவினார். "அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி என் இடுப்பை அளந்துட்டு இப்ப கழுத்தை அளந்தா, நானும் இளைச்சவன்தான்."

சிரிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. ஆனால் அதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் பீரோவைக் குடைந்து முதல் தடவை அளந்த குழுவின் படிவங்களைத் தேடி எடுத்தேன். தூசியைத் தட்டிப் பிரித்தேன். எட்டுக் கட்டம் இல்லை, ஒன்பது. கடைசிக் கட்டத்தின் தலைப்பு: அளந்த உயரம். எண்பத்தெட்டாம் மரத்துக்கு எதிரே 1.40 என்று இருந்தது. கொக்குவின் தாள் ஓரத்தில் அதே மரத்துக்கு 1.95.

அந்த ஒன்பதாவது கட்டம் எங்கே போயிற்று என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஐந்து வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், படிவத்தைப் புதிதாக டைப் செய்தது நான்தான். ஒன்பது கட்டம் போட்டால் பக்கத்துக்கு வெளியே வழிந்தது. கடைசிக் கட்டம் யாருக்கும் பயன்படாத கட்டமாகத் தெரிந்தது. தூக்கிவிட்டேன். படிவம் கச்சிதமாக இருக்கிறது என்று அப்போதைய மேலாளர் ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார். அது இன்னமும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அன்று அதன்மேல் ஒரு கோப்பை வைத்து மறைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு உயரமும் வேறு வேறு என்று வெள்ளிக்கிழமைக் குழுவிடம் காட்டினால் சந்தேகத்தைத்தான் கிளப்பலாம். காடு வளர்ந்திருக்கிறது என்று காட்ட முடியாது. அதற்குப் பழைய மஞ்சள் வளையத்திலேயே மறுபடி அளக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் தண்ணீர் வற்றியிருப்பது ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான். வெள்ளிக்கு முன் மிச்சம் புதன், வியாழன் இரண்டே காலை. படகுக்காரர் படகை விட்டு நகர முடியாது. கொக்குவின் இரண்டு கையும் நாடாவில் இருக்கும். எழுத ஆள் வேண்டும்.

"நான் வர்றேன்" என்று கொக்குவிடம் சொன்னேன். கட்டத்தை எடுத்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் படகிலிருந்து இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு கால் உள்ளே போயிற்று, மற்றக் கால் போன காலைத் தேடிக்கொண்டு போயிற்று. இடுப்புவரை சேறு.

"ஆபீஸ் அம்மா, அவங்க கால் வைக்கிற எடத்துல காலை வைங்க. சேத்துல நடக்கக் கூடாது, வேர்ல நடக்கணும்" என்று படகுக்காரர் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

அப்போதுதான் என் நாத்தனார் நடப்பதை முதல் முறையாகப் பார்த்தேன். வீட்டில் நாற்காலி, மேஜை, கதவு என்று எதிலாவது இடித்துக்கொண்டே இருக்கிறவள், இங்கே ஒரு வேரிலிருந்து இன்னொரு வேருக்குச் சத்தமே இல்லாமல் போனாள். பிஞ்சு வேரை மிதிக்கவில்லை. கன்றுகள் முளைத்திருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். போகிற போக்கிலேயே நண்டு வளைகளை எண்ணினாள், ஒரு பழுத்த இலையைத் திருப்பிப் பார்த்தாள், விரலால் சேற்றைக் கிளறி முகர்ந்தாள்.

"என்ன மோப்பம்?"

"லேசா அழுகின முட்டை வாடை அடிச்சா பரவால்ல. மூக்கைப் பொத்தற மாதிரி அடிச்சா தண்ணி உள்ள வந்து போகலைன்னு அர்த்தம். இங்க நல்லா வந்து போகுது."

எனக்கு லேசான வாடையே குடலைப் புரட்டியது. ஆனால் அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துவிட்டு பென்சிலைக் கையில் எடுத்தேன்.

எண்பத்தெட்டாம் மரத்தின் முன்னால் நின்றோம். மஞ்சள் வளையம் மங்கலாக என் நெஞ்சு உயரத்தில் தெரிந்தது. அதற்கு மேலே, என் நெற்றிக்கு நேராக, தண்டிலிருந்து மூன்று புதிய கால்கள் கிளம்பி, கடல் பக்கமாக வளைந்து இறங்கியிருந்தன. ஒன்று சேற்றைத் தொட்டு ஊன்றிவிட்டது. மற்ற இரண்டும் இன்னும் தரைக்கு வந்துசேரவில்லை. நுனி மட்டும் பச்சையாக, ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என் அட்டவணையில் இந்த மரத்துக்கு எதிரே இளைப்பு என்று சிவப்பில் போட்டிருந்தேன். மரமோ இன்னும் மூன்று கால் ஊன்றி, அலைக்கு எதிரே ஓர் எட்டு முன்னால் போய் நிற்கப் பார்க்கிறது. ஐந்து வருடமாக நான் எண்ணாக மட்டும் பார்த்த மரம் அது. எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே பெருமையாகவும் இருந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

கொக்கு வளையத்தின் மேல் ஒட்டியிருந்த சிப்பிகளை விரல் நகத்தால் சுரண்டினாள். புதிய வேருக்கும் தண்டுக்கும் நடுவில் நாடாவைக் கோத்து, சுற்றி, இழுத்து, "நாற்பத்து மூணு புள்ளி ஆறு" என்றாள்.

"நாற்பத்து மூணு புள்ளி ஆறு" என்று திருப்பிச் சொல்லி எழுதினேன். போன தடவையைவிட இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அதிகம்.

அவள் உடனே நகரவில்லை. நாடாவை அவிழ்த்து மறுபடி சுற்றி மறுபடி படித்தாள். ஒவ்வொரு மரத்துக்கும் அப்படித்தான், இரண்டு முறை. அவசரப்படுத்திப் பார்த்தேன். தண்ணீர் ஏறிவிடும் என்று கரடியாய்க் கத்திப் பார்த்தேன். "ஒரு தடவை அளந்தா அது என் கை சொல்றது அண்ணி. ரெண்டாவது தடவையும் அதுவே வந்தாத்தான் மரம் சொல்றது" என்றாள். பதினொரு வாரம், நாலு காடு, ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு தடவை. இப்படி அளந்தவளைத்தான் நான் அடுப்படியில் நிற்க வைத்து, எண் படிக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கிறேன்.

வேர் தண்டோடு ஒட்டிக்கொண்டு நாடா நுழையாத மரங்களை விட்டுவிட்டோம். தண்ணீர் முட்டிக்கு ஏறியதும் படகுக்காரர் குரல் கொடுத்தார். முதல் நாள் நாற்பத்தைந்து. வியாழக்கிழமை தண்ணீர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளி வற்றியது, ஐம்பத்திரண்டு. ஆக, இளைத்ததாகச் சொன்ன நூற்று முப்பத்தொன்றில் தொண்ணூற்றேழு மரங்களைப் பழைய வளையத்தில் அளந்துவிட்டோம். தொண்ணூற்றேழும் பருத்திருந்தன. அன்று குளியலறைக் குழாயை அடைத்தது நான். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குழு கூடியது. நீள மேஜை, ஐந்து பேர். தலைவி ஒரு கெட்டிக்கார அம்மாள். எங்கள் புதிய எண்களை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"திங்கக்கிழமை குடுத்த அட்டவணையில இளைச்ச மரம், வெள்ளிக்கிழமை பருத்துடுச்சு. உயரத்துல வித்தியாசம்னு இப்ப சொல்றீங்க. அளக்கும்போதே உயரத்தை எழுதலையா? முடிவு பிடிக்கலைன்னதும் திரும்பப் போயி அளந்துட்டு வந்தா நாங்க எதை நம்பறது?"

கேள்வியில் தப்பில்லை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். கொக்கு எழுந்து நின்றாள். இரண்டு கையையும் பிசைந்தாள்.

"படிவத்துல கட்டம் இல்லைங்க. நான் கேட்டு வாங்கியிருக்கணும். தப்பு என்..."

"அவ தப்பு இல்லைங்க" என்று நான் எழுந்தேன். "ஒவ்வொரு மரத்துக்கும் உயரத்தை அவ எழுதியிருக்கா, அளந்த அன்னிக்கே. முதல் படிவத்துல அதுக்குக் கட்டம் இருந்துச்சு. அதை எடுத்தது நான். பக்கத்துல அடங்கலைன்னு எடுத்தேன். அவ ஓரத்துல எழுதினதுக்கும் திட்டினேன். அந்த எண்ணை அட்டவணையில சேர்க்காம விட்டதும் நான்தான்."

கொக்குவின் படிவக் கட்டை மேஜைமேல் வைத்தேன். காய்ந்த சேறு உதிர்ந்தது. தலைவி தேதியைப் பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார், பழைய படிவத்தின் ஒன்பதாவது கட்டத்தைப் பார்த்தார். ஒரு மரம், இரண்டு மரம் என்று ஆரம்பித்து இருபது முப்பது மரம்வரை ஒப்பிட்டிருப்பார். பிறகு பென்சில் எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்தபடி, "இவ்வளவு பொறுப்பா அளந்த வேலையை நான் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கொக்குவைப் பார்த்துச் சொன்னார்.

மேற்கு ஓடைக் காடு நலமான காடு என்று எழுதப்பட்டது. பட்டியலில் நீடிக்கும். ஓடையை யாரும் வெட்ட முடியாது. எனக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டு உத்தரவு வந்தது. எழுதிக் கொடுத்தேன், ஒரே பக்கத்தில்.

வெளியே நடைபாதையில் கொக்கு என் தோளைத் தொட்டாள். "கட்டத்தை எடுத்தது நீங்கதான்னு எனக்குத் தெரியும் அண்ணி. பழைய படிவத்தை எப்பவோ பாத்திருக்கேன். புதுசுக்குக் கீழ உங்க பேர்தானே இருந்துச்சு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"அன்னிக்கே சொல்லியிருந்தா சண்டை போட்டுட்டு வீட்டுலயே உக்காந்திருப்பீங்க. சேத்துல இறங்கியிருக்க மாட்டீங்க."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

திங்கட்கிழமை பாராட்டுக் கடிதத்தைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, படிவத்தைப் புதிதாக டைப் செய்தேன். தாளைக் குறுக்குவாட்டில் திருப்பி, ஒன்பது கட்டம். அளந்த உயரம் என்பதற்குக் கொஞ்சம் அகலமாகவே இடம் விட்டேன். தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அங்குலம் வீணாகாமல், பார்க்கவே அழகாக இருந்தது. பெருமையோடு கொக்குவிடம் நீட்டினேன்.

அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "நல்லா இருக்கு அண்ணி" என்றாள். பிறகு தயங்கினாள். "ஓரமே இல்லையே?"

"அதான் கட்டம் குடுத்துட்டேனே. இன்னும் ஓரம் எதுக்கு?"

"இந்தத் தடவை எதை விட்டோம்னு தெரிஞ்சு கட்டம் போட்டுட்டீங்க. இப்ப எதை விடறோம்னு நமக்கு இன்னும் தெரியாதே."

நான் தாளை வாங்கிக்கொண்டேன். கட்டங்களையெல்லாம் நெருக்கி இடது பக்கம் தள்ளினேன். வலது பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு, தலைப்பு இல்லாமல், கோடு இல்லாமல், வெறுமனே விட்டேன். படிவம் ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி, பார்க்கவே கோணலாக இருந்தது. அப்படியே நூறு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.